பழைய பேன்ட்டில் தைத்த சங்கிலிக் கைப்பை

முதலில் வெட்டினேன், அப்புறம் தைத்தேன். இந்தப் பையில் நான் செய்த தப்புகளில் மூத்தது அதுதான்.

முன்பக்கத் துண்டை அளந்து, சுற்றிலும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டு, 29 × 18 செ.மீ. என்று கச்சிதமாக வெட்டினேன். அடியில் பஞ்சுத் தாள் வைத்துச் சாய்கோடுகள் போட்டுத் தைத்தேன். கட்டம் கட்டமாக உப்பி, பார்க்க அழகாகத்தான் வந்தது. முடித்துவிட்டு ஸ்கேலை வைத்தால் அகலம் 27.6. உயரத்திலும் அரை சென்டிமீட்டருக்கு மேல் காணோம். ஓரங்கள் நான்கும் கடித்த பிஸ்கட் மாதிரி உள்வாங்கிக் கிடந்தன.

அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "வெட்டிட்டா தச்ச?" என்றார்.

"ஆமா."

"பஞ்சு வச்சா துணி உள்ள இழுத்துக்கும்டி. தச்சு முடிச்சிட்டுத்தான் அளந்து வெட்டணும்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். காரணம் புரிந்த பிறகு இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றியது. ஒவ்வொரு தையல் கோடும் துணியைப் பஞ்சுக்குள் அமுக்கிப் பிடிக்கிறது. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும் துணிக்கு, தட்டையாகக் கிடக்கும் துணியைவிடக் கூடுதல் நீளம் வேண்டும். அதை ஓரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பஞ்சு தடிமனாக இருந்தால் இன்னும் இழுக்கும், கோடுகள் நெருக்கமாக இருந்தால் அதற்கும் மேல். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய துண்டாக எடு, தை, பிறகு வெட்டு. அவ்வளவுதான் வழி. அந்தத் துண்டு இப்போது என் ஊசிகள் குத்தி வைக்கும் மெத்தையாக இருக்கிறது.

என் மனதில் இருந்தது பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஷனேலின் 2.55. 1955 பிப்ரவரியில் வந்த பை. இரண்டாம் மாதம், ஐம்பத்தைந்தாம் வருஷம், அதுதான் பெயர். நாகரிகக் கைப்பை என்றாலே கையில் பிடித்துக்கொண்டு நடப்பது என்றிருந்த காலத்தில், தோளில் மாட்டும் சங்கிலி வைத்து இரண்டு கைகளையும் விடுவித்ததுதான் அது செய்த பெரிய காரியம். நடுத்தர அளவுப் பை ஏறக்குறைய 25 செ.மீ. அகலம், 15 உயரம், 6 ஆழம். பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும் சின்னப் பைதான்.

வேறு பைகளையும் யோசித்தேன். 1984இல் வந்த, ஏர்மெஸ் நிறுவனத்தின் பிர்கின் பை மாதிரி ஒன்று தைக்கலாமா என்று முதலில் ஆசை வந்தது. ஆனால் அது முழுக்க முழுக்கத் தோலின் பை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்கும் சேணத் தையல். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்திருக்கும். அந்த விறைப்பைத் துணியில் கொண்டுவரப் பார்த்தால் அட்டைப்பெட்டிக்குத் துணி சுற்றிய மாதிரி ஆகிவிடும். போத்தேகா வெனேத்தா என்ற நிறுவனத்தின் பைகளில் தோலை நாடாவாக்கிப் பாய் முடைவதுபோல் முடைகிறார்கள். துணி நாடாவில் அது நடக்கும். ஆனால் ஒவ்வொரு நாடாவுக்கும் இரண்டு ஓரமும் மடித்துத் தைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

2.55 வேறு சாதி. பஞ்சு வைத்துத் தைப்பது துணியின் சொந்த வித்தை, தோல்தான் அதைக் கடன் வாங்கியது. குதிரைப் பந்தய ஆட்கள் போட்டிருந்த மேல்சட்டைத் தையலைப் பார்த்து நிறுவனர் கோகோ ஷனேல் எடுத்தார் என்று சொல்வார்கள். ஆக, துணியில் தைத்தால் அது தன் பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷனேல் முத்திரையைத் தொடவில்லை. முதுகோடு முதுகாக நிற்கும் அந்த இரண்டு 'சி'யை வீட்டுப் பையில் போட்டால் அது போலி, வேறு பேச்சே இல்லை. 1955இன் பையில் பூட்டிலும் அது கிடையாது. வெறும் செவ்வகத் திருகுப் பூட்டு. 'சி' பூட்டு வந்தது 1980களில், வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் அங்கே பொறுப்பேற்ற பிறகு. முத்திரை இல்லாமலே அந்தப் பையை அடையாளம் தெரிகிறது என்றால், அதன் உயிர் கட்டத்திலும், மேலே மடித்து மூடும் மடலிலும், சங்கிலியிலும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூன்றைத்தான் எடுத்துக்கொண்டேன். மூன்றுமே தண்ணி காட்டின.

துணி, ஒரு பழைய கறுப்புப் பேன்ட். நடுத்தர தடிமன் பருத்தி, சாய்ந்த வரி தெரியும் ட்வில் நெசவு. முட்டியும் உட்காரும் இடமும் தேய்ந்து பளபளத்திருந்ததால் தொடையின் முன்பக்கத்தையும் முட்டிக்குக் கீழேயும் மட்டும் எடுத்தேன். கால் தையலைப் பிரித்து விரித்தால் நினைத்ததைவிட நிறையத் துணி. ஜீன்ஸில் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓரங்கள் கூடும் மூலையில் எத்தனை மடிப்பு சேரும் என்பதை அங்கே போனால்தான் தெரியும். சாதாரண பேன்ட் துணிக்கே நான் மூன்று ஊசி உடைத்தேன்.

பஞ்சுக்கு இரண்டு மாதிரி தைத்துப் பார்த்தேன். 3 மி.மீ. ஃபோம் ஷீட் வைத்ததில் கோடு தெளிவாக விழுந்தது, ஆனால் கட்டம் உப்பவில்லை. சாக்லேட் பார் மாதிரி இருந்தது. பாலியெஸ்டர் பஞ்சுத் தாள், அமுக்காமல் அளந்தால் 6 மி.மீ. இருக்கும், அதை வைத்ததில் கட்டம் தலையணை மாதிரி எழும்பியது. அதுதான் வேண்டும். பஞ்சுக்கு அடியில் பழைய படுக்கை விரிப்பிலிருந்து மெல்லிய துணி ஒன்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியை நகர்த்தும் மிஷினின் பல் நேராகப் பஞ்சைக் கவ்வி, நூல்நூலாக உருவி அடிநூல் இருக்கும் பாபினுக்குள் அனுப்பிவிடும்.

கோடு போடும் கணக்கில்தான் எனக்கு நிஜமாகவே சந்தோஷம் கிடைத்தது. 45 பாகையில் கோடு போட்டால் சதுரம் மூலையில் நிற்கும், அவ்வளவுதான். எனக்கு நெட்டையான டைமண்ட் வேண்டியிருந்தது. பாகைமானி எல்லாம் எடுக்கவில்லை. மேல் ஓரத்தில் 3 செ.மீ.க்கு ஒரு புள்ளி, பக்க ஓரத்தில் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி. மூலையிலிருந்து மேல் ஓரத்தின் முதல் புள்ளியையும் பக்க ஓரத்தின் முதல் புள்ளியையும் சேர். இரண்டாவதை இரண்டாவதோடு, மூன்றாவதை மூன்றாவதோடு. எதிர் மூலையிலிருந்து இன்னொரு முறை. அவ்வளவுதான், 3 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம் உள்ள சாய்சதுரங்கள் தானாக வந்துவிடும். இதில் ஒரு கொசுறு: கட்டத்தின் பாதி அகலம் 1.5, பாதி உயரம் 2, அப்படியானால் சாய்ந்த பக்கம் சரியாக 2.5 செ.மீ. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த 3, 4, 5 முக்கோணம்தான். ஒரு தையல் 2.5 மி.மீ. என்று வைத்தால் கட்டத்தின் ஒரு பக்கத்துக்குப் பத்துத் தையல்.

இந்தப் பத்து சும்மா விளையாட்டுக்கில்லை. பழைய ஷனேல் பைகளை அசலா போலியா என்று சோதிப்பவர்கள் கட்டத்தின் பக்கத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவார்கள். தையல் நீளமாகப் போனால் கோடு துணியை அங்கங்கே விட்டுவிட்டுப் பிடிக்கும், நாளாக ஆகக் கட்டம் தளர்ந்துவிடும். நெருக்கமாகப் போனால்தான் பள்ளம் பள்ளமாகவே நிற்கும். ஆனால் மிஷினில் 2.5 வைத்தால் 2.5 வராது. தடிமனைக் கடக்கும்போது தையல் குறுகிவிடும். மாதிரித் துண்டில் ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்து, 3இல் வைத்தேன். அப்போதுதான் பக்கத்துக்குப் பத்து விழுந்தது.

கறுப்புத் துணியில் கோடு போட, காய்ந்துபோன சோப்புச் சில்லை மிஞ்சிய எதுவும் இல்லை. சாக்கட்டி தடித்த கோடாக விழுந்து, கை பட்டதும் பொடியாக உதிர்ந்துவிடுகிறது. குளித்துத் தேய்ந்த சோப்பின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். மயிரிழைக் கோடு விழும், முடிந்த பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

துண்டுகளை இந்த முறை தாராளமாக எடுத்தேன். முன்பக்கத்துக்கு 34 × 24. பின்பக்கம், மேல் ஆழம், மடல் மூன்றும் ஒரே துண்டாக வர வேண்டும் என்பதால் அதற்கு 34 × 44. மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் நீளநீளமாக நூலோட்டம் போட்டேன், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரிசை. குண்டூசி மட்டும் போதும் என்று நினைத்து மாதிரித் துண்டில் ஏமாந்திருந்தேன். அடியில் இருக்கும் பல் அடித்துணியைத்தான் முன்னே தள்ளுகிறது. மேல்துணியை, அதை அமுக்கிப் பிடிக்கும் மிஷின் காலின் அழுத்தம் பின்னே பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு கோட்டிலும் மேல்துணி அரை மில்லிமீட்டர் பிந்தினால், கோட்டின் கடைசியில் அது சின்ன அலையாக வந்து நிற்கும், எதிர்க்கோடு அதன் மேல் ஏறி மடிப்பாக்கிவிடும். இரண்டு துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. என்னிடம் இல்லை. காலை அழுத்தும் திருகை மேலே இரண்டு சுற்றுத் தளர்த்தினேன், நூல் டென்ஷனையும் கொஞ்சம் குறைத்தேன். முக்கால்வாசி சரியாயிற்று.

தைக்கும் வரிசையும் முக்கியம். நடுவில் ஓடும் கோட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சத் துணியெல்லாம் மறு ஓரத்தில் வந்து குவியும். இன்னொன்று, ஒரு கோடு மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே என்று சோம்பேறித்தனமாகத் திருப்பித் திருப்பித் தைத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே துணி முறுக்கிக்கொள்கிறது. பிழிந்த துண்டு மாதிரி சாய்ந்த சுருக்கம். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் நூலை வெட்டி, மேலே கொண்டுபோய், மறுபடி கீழே. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போயிற்று. கட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்புவதைப் பார்க்கும்போது அலுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது தப்பு வெளிப்பட்டது.

முன்பக்கத்தின் உயரம் 16 செ.மீ., அதாவது சரியாக நான்கு கட்டம். அகலம் 27, ஒன்பது கட்டம். இதெல்லாம் யோசித்துத்தான் வைத்தேன். மடல் முன்பக்கத்தின் மேல் 12 செ.மீ. இறங்கும், மூன்று கட்டம். மடலை மூடினால் அதன் கோடுகள் முன்பக்கத்துக் கோடுகளோடு ஒட்டி, ஒரே துணியில் ஓடுவதுபோல் தெரிய வேண்டும். நல்ல பைக்கு அதுதான் அடையாளம். பின்பக்கத் துண்டை எடுத்து, முன்பக்கத்தோடு வைத்து, மடலை மடித்து மூடிப் பார்த்தேன். ஒரு கோடுகூட ஒட்டவில்லை. முன்பக்கத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மடலில் கட்டத்தின் நடு வயிறு வந்து நின்றது.

கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணினேன். பின்பக்கம் 16, நான்கு கட்டம், சரி. மடல் 12, மூன்று கட்டம், சரி. நடுவில் பையின் ஆழம் 6 செ.மீ. ஒன்றரைக் கட்டம்! அந்த அரைதான் எல்லாவற்றையும் அரைக் கட்டம் தள்ளிவிட்டது. ஆழத்தை 8 ஆக்கினால் கணக்கு நேராகும், பை குண்டாகிவிடும். 4 ஆக்கினால் உள்ளே ஒன்றும் வைக்க முடியாது.

பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பதா என்று வயிறு கலங்கியபோதுதான், முன்பக்கத்தை இன்னும் வெட்டவே இல்லை என்பது உறைத்தது. 24 செ.மீ. உயரத்துக்குக் கட்டம் தைத்து வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது தையலுக்கு விடுவதோடு சேர்த்து 18. மிச்சம் 6 செ.மீ. இருக்கிறது. வெட்டும் இடத்தை 2 செ.மீ. கீழே இறக்கினால் போதும். முதல் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் அளந்தே வெட்டியிருப்பேன், இந்த 6 செ.மீ. கையில் இருந்திருக்காது.

வெட்டுவதற்கு முன் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, மடலை நிஜமாகவே மடித்து, முன்பக்கத் துண்டின் மேல் போட்டு, கீழ்த் துண்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். நல்லவேளை. பஞ்சு வைத்த துணி ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விழுங்கியிருந்தது. காகிதத்தில் 6 செ.மீ. என்றது துணியில் ஆறரை. கோடுகள் ஒட்டிய இடத்தில் சோப்பால் அடையாளம் போட்டுக்கொண்டு வெட்டினேன். இப்போது நடுவில் பார்த்தால் மடல் எங்கே முடிகிறது என்று சட்டென்று தெரியாது. இடது ஓரத்தில் 2 மி.மீ. பிசகு இருக்கிறது. அது நூலோட்டம் போடும்போதே நழுவியது.

அசல் பையின் பின்பக்கத்தில் வெளிப்பாக்கெட் ஒன்று உண்டு. அதன் வாய் மெல்ல வளைந்திருப்பதால் மோனலிசா புன்னகை என்று பெயர். அதையும் வைத்தேன். பின்பக்கத்துக்குப் போட்ட அதே கோடுகளை அதே இடத்திலிருந்து தொடங்கிப் போட்டு, வாயை வளைத்து வெட்டி, கிராஸ் துண்டால், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய நாடாவால், ஓரம் கட்டினால் முடிந்தது. வளைவில் கிராஸ் துண்டைத்தான் போட வேண்டும், நேர்த்துண்டு சுருங்கும். புன்னகை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மோனலிசாவுக்குப் பல்வலி.

பக்கங்களையும் அடியையும் சேர்த்து ஒரே பட்டி. 6 செ.மீ. அகலத்தோடு தையலுக்கு இரண்டு, ஆக 8. நீளம் 16 + 27 + 16, தையலுக்கு இரண்டு, ஆக 61. இதில் கட்டம் தைக்கவில்லை. வெறும் துணிக்கு அடியில் ஒட்டும் கேன்வாஸ் இஸ்திரி போட்டு ஒட்டினேன். பட்டியிலும் கட்டம் போட்டிருந்தால் மூலையில் தைக்கவே முடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்த மூலைகளைப் பற்றிச் சொல்கிறேன். இணைப்பதற்கு முன், ஓரத்தில் தையலுக்கு விட்ட ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் பஞ்சை எல்லாம் பிய்த்து எடுத்துவிட வேண்டும். கோட்டுத் தையல் ஓரம் வரை ஓடுவதால் மேல்துணியை லேசாகத் தூக்கி, சின்னக் கத்தரியால் பஞ்சை மட்டும் வெட்டி உருவ வேண்டும். கண் வலிக்கும் வேலை. முதல் பக்கத்தில் இதைச் செய்யாமல் ஓட்டிப் பார்த்தேன். மூலைக்கு வந்ததும் 'டக்' என்று ஊசி முறிந்து, முனை கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. கண்ணாடி போடும் ஆள் என்பதால் பிழைத்தேன். 14 நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 16 போட்டேன். அதுவும் ஒன்று போயிற்று. மூன்றாவது, அவசரத்தில் குண்டூசி மேலேயே ஓட்டியதால்.

கடைசியில் பலித்தது இது: பட்டியில் மூலை வரும் இடத்தில் 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. மூலைக்கு மூன்று தையல் இருக்கும்போதே மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மூலைப் புள்ளியில் ஊசி துணிக்குள் இருக்கும்போது காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, காலை இறக்கி, மறுபடி கையாலேயே நான்கு தையல். கால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அதன் பின்னால் அட்டையை மடித்துச் செருகினால் சமமாகும். நான்கு மூலைக்கும் அரை மணி நேரம். அதன் பிறகு ஊசி உடையவில்லை.

பூட்டு செவ்வகத் திருகு வகை. கீழ்ப்பாகத்துக்கு முன்பக்கத்தில் இரண்டு கீறல் போட்டு, அதன் கால்களை உள்ளே நுழைத்து, பின்னால் தகட்டின் மேல் மடக்க வேண்டும். மேல்பாகத்துக்கு மடலில் செவ்வக ஓட்டை. முடிந்த துணியில் கத்தியை வைக்க எனக்குக் கை வரவே இல்லை. கட்டம் ஒன்றின் நடுவில் இடம் பார்த்து, ஓட்டையின் கோட்டுக்கு வெளியே முதலில் நெருக்கமாக ஒரு சுற்றுத் தையல் போட்டுவிட்டு உள்ளே வெட்டினேன். ஓரத்தில் பசை தடவினேன், பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. இதெல்லாம் ஒழுங்காகச் செய்த நான், கீழ்ப்பாகத்தை லைனிங் வைப்பதற்கு முன் மாட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். லைனிங்கின் அடித்தையலை ஒரு ஜாண் பிரித்து, கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் கால்களை மடக்கினேன். அந்தப் பிரித்த இடத்தைக் கையால் மூடிய தையல் இன்னும் உள்ளே இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை.

லைனிங்குக்கு மெரூன் சட்டைத்துணி. அசலிலும் உள்ளே ஒயின் சிவப்புதான். அதற்குப் பல கதை சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது: கறுப்புக்குள் கறுப்பு வைத்தால் சாவியைத் தேட டார்ச் வேண்டும். லைனிங்கை வெளிப்பையைவிடச் சுற்றிலும் 2 மி.மீ. சின்னதாகத் தைத்தேன், இல்லாவிட்டால் உள்ளே தொளதொளவென்று மடிந்து கிடக்கும். உள்ளே ஒரு பாக்கெட், அசலில் லிப்ஸ்டிக்குக்கு இருக்கும் குறுகலான இடத்தில் எனக்கு ஒரு பேனா. மடலுக்கு அடியில் ஜிப் வைத்த பாக்கெட் ஒன்று உண்டு, ஷனேல் காதல் கடிதம் வைக்க வைத்தது என்பார்கள். ஜிப்பை வைத்தேன். ரசீதுகள் இருக்கின்றன. அடியில் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை 26.5 × 5.5க்கு வெட்டி, முனைகளை வட்டமாக்கிப் போட்டேன்.

இனி சங்கிலி. இதைக் கடைசியாக யோசித்தது தப்பு, முதலில் யோசித்திருக்க வேண்டும்.

அசலின் சங்கிலியில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. மேலே நான்கு வளையத் துளைகள், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. சங்கிலி முனையே இல்லாத ஒரே வட்டம், நான்கு துளை வழியாகவும் உள்ளே போய் வெளியே வரும். இரண்டு வரிசையையும் சமமாக இழுத்தால் தோளுக்கு இரட்டைச் சங்கிலி. ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றது பையோடு ஒட்டிக்கொள்ளும், நீளமான ஒற்றைச் சங்கிலி. கொக்கி இல்லை, பக்கிள் இல்லை. இதைச் செய்யாமல் பக்கத்தில் டி ரிங் என்ற அரைவட்ட வளையம் வைத்து முடித்திருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும், ஆனால் மனசு கேட்கவில்லை.

சங்கிலிக்குள் துணி நாடாவைக் கோர்த்தால் நன்றாக இருக்கும் என்று 4 செ.மீ. துண்டை நான்காக மடித்துத் தைத்து, ஒவ்வொரு வளையமாக நுழைத்தேன். ஒன்றரை மணி நேரம். துளை வழியாக இழுத்தால் நகரவே இல்லை, நாடா போய் அடைத்துக்கொண்டது. உருவி எறிந்தேன். பிறகுதான் கவனித்தேன், 1955இன் சங்கிலி வெறும் உலோகம்தான், தோல் நாடா கோர்த்தது 1980களின் பையில் வந்த பழக்கம். அவர்கள் அந்தத் தோலை எப்படி வழுக்க வைத்தார்களோ, துணி வழுக்காது.

முதலில் வாங்கியது 120 செ.மீ. இரும்புச் சங்கிலி, மேலே பொன் முலாம். நிறுத்துப் பார்த்தால் 280 கிராம். பையே 200தான். துளை ஓரத்தில் அடிக்கும் உலோக வளையங்களான ஐலெட்டுகளை அடித்து, சங்கிலியை மாட்டி, உள்ளே மூன்று கிலோ புத்தகம் வைத்துக் கதவுக் கைப்பிடியில் ராத்திரி முழுக்கத் தொங்க விட்டேன். காலையில் இரண்டு ஐலெட் கழன்று சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தன. துளைகள் முட்டை வடிவமாகிப் பஞ்சு வெளியே தொங்கியது.

ஐலெட் தட்டையான, கெட்டியான பொருளைத்தான் கவ்வும். பஞ்சின் மேல் அடித்தால், அடிக்கும்போது இறுக்கமாகத் தெரியும், பாரம் ஏறினால் பஞ்சு அமுங்கும், ஐலெட் சுழலும், துணியை அறுக்கும். அதனால் நான்கு துளைகளைச் சுற்றியும் உள்ளிருந்து பஞ்சை வட்டமாக எடுத்தேன். பழைய பெல்ட் ஒன்றை அறுத்து இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு துளைகளையும் மூடும் நீளம். அதை மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் செவ்வகமாகவும் குறுக்கே பெருக்கல் குறியாகவும் தைத்தேன். கிழிந்த துளைகளை மறைக்க ஒரு நம்பர் பெரிய ஐலெட். சங்கிலியையும் அலுமினியத்துக்கு மாற்றினேன். அதே பருமனில் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். தோள் நன்றி சொல்லும், காதுதான் சொல்லாது. இரும்பு விழும்போது வரும் 'சலக்' என்ற சத்தம் அலுமினியத்தில் வரவில்லை, கிலுகிலுப்பை மாதிரி இருக்கிறது.

மறுபடி மூன்று கிலோ, மறுபடி ராத்திரி. அசையவில்லை.

பை இப்போது ஒன்றரை மாதமாகப் புழக்கத்தில் இருக்கிறது. மடிப்பு ஓரத்தில் துணி லேசாகச் சாம்பல் பூக்கத் தொடங்கியிருக்கிறது, பழைய பேன்ட் அல்லவா. சங்கிலியின் கடைசி வளையத்தை இடுக்கியால் அமுக்கி மூடிய இடத்தில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு கம்பளித் துணியைப் பிடித்து இழுக்கிறது, அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். அம்மா ஒருநாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். கழற்றி மேஜையில் வைக்கும்போது மடலின் இடது ஓரத்தைக் கட்டை விரலால் தடவி, "இங்க ரெண்டு நூல் தள்ளிப் போயிருக்கு பாரு" என்றார்.